எத்தனை கிலோவாட், எத்தனை யூனிட்? மின்கார் எண்கள் அளக்கப்படும் இடமும் நேரமும்

ஒரு வண்டிக்கு எவ்வளவு திறன், அது எவ்வளவு தின்கிறது என்ற இரண்டு கேள்விகளும் நீராவி எஞ்சின் காலத்திலிருந்து விடாமல் கேட்கப்பட்டு வருகின்றன. மின்கார் வந்தபின் விடை எளிதாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே. கிலோவாட்டும் கிலோவாட் மணியும் மின்னியலிலேயே பிறந்து வளர்ந்த அலகுகள். மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் நொடிக்குப் பலமுறை துல்லியமாக அளக்கக் கருவிகள் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் எரிதலின் உள்விவகாரங்களை ஊகித்துக் கணக்கிட்டதுபோல் இங்கே ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் நடந்தது வேறு. ஒரே காருக்கு விளம்பரத்தில் 150 கிலோவாட், பதிவுச் சான்றிதழில் 70 கிலோவாட். ஒரே அளவு பேட்டரிக்கு இந்தியாவில் 452 கிலோமீட்டர், ஐரோப்பாவில் 289 கிலோமீட்டர். டாஷ்போர்டு 14 யூனிட் என்று காட்டும் பயணத்துக்கு வீட்டு மீட்டர் 16 யூனிட் என்கிறது. இவற்றில் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்டுவது சுலபம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சான்றுகளை வரிசையாகப் பார்த்தால் வேறொரு விளக்கமே வலுப்படுகிறது. திறன், நுகர்வு ஆகிய இரண்டுமே காருக்குள் நிலையாக உட்கார்ந்திருக்கும் பண்புகள் போல விற்கப்படுகின்றன. உண்மையில் அவை எந்த இடத்தில், எவ்வளவு நேரத்துக்கு, எந்தச் சூழலில் அளந்தோம் என்பதைச் சார்ந்த விடைகள். அந்த மூன்று விவரங்களும் வழியிலேயே உதிர்ந்துவிட, வெறும் எண் மட்டும் வாங்குபவர் கைக்கு வந்து சேர்கிறது.

அலகுகளைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடலாம், ஏனெனில் பத்திரிகைகளிலேயே இவை குழம்புகின்றன. கிலோவாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம். கிலோவாட் மணி, அதாவது நம் மின்கட்டணக் கணக்கில் வரும் யூனிட், செலவான ஆற்றலின் அளவு. 10 கிலோவாட் வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் 5 யூனிட் தீரும். இனி வரும் சிக்கல்கள் இந்த வேறுபாட்டை அறிந்தவர்களையும் விடுவதில்லை.

குதிரையிலிருந்து தொடங்கும் வழக்கு

ஜேம்ஸ் வாட் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் நீராவி எஞ்சினை விற்க வேண்டியிருந்தது. வாங்குபவர்களுக்குத் தெரிந்த இயந்திரம் குதிரை. ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று அவர் வைத்த கணக்கு இன்றைய அளவில் ஏறத்தாழ 746 வாட். நாள் முழுக்கச் செக்கிழுக்கும் குதிரைக்கு அது கொஞ்சம் தாராளமான எண் என்றே கருதப்படுகிறது. சில நொடி திமிறும் குதிரை அதைப் பலமடங்கு தாண்டும். நீடித்த திறனா, கணநேரத் திறனா என்ற வழக்கு இந்த அலகின் பிறப்பிலேயே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து எழுந்தது இடத்தைப் பற்றிய வழக்கு. உருளைக்குள் நீராவி தரும் அழுத்தத்திலிருந்து கணக்கிட்ட திறன் ஒன்று. தண்டில் தடை போட்டு அளந்த திறன் இன்னொன்று. 1821இல் காஸ்பார் தெ ப்ரோனி உருவாக்கிய பிரேக் கருவி இரண்டாவதை நேரடியாக அளக்க வழி தந்தது. ‘பிரேக் குதிரைத்திறன்’ என்று இன்றும் சொல்வது அதன் எச்சம். டிராக்டர்கள் வந்தபோது கலப்பையை இழுக்கும் கொக்கியில் கிடைக்கும் திறன் என்று மூன்றாவதும் சேர்ந்தது. விளம்பரத்தை நம்பி வாங்கிய உழவர்கள் ஏமாந்ததால் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் சட்டமே போட்டது: அந்த மாநிலத்தில் விற்கும் டிராக்டரைப் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்க்க வேண்டும். கார்களில் இதே கதை இன்னும் நீண்டது. அமெரிக்க நிறுவனங்கள் 1972 மாடல் ஆண்டுக்கு முன்பு வரை மின்னாக்கி, புகைக்குழாய் முதலிய துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டு வெற்று எஞ்சினின் திறனையே அச்சிட்டன. 365 குதிரைத்திறன் என்று குறிக்கப்பட்ட 1971இன் கடிலாக் எல்டொராடோ எஞ்சின் நிகர முறையில் 235 ஆனது. எஞ்சின் மாறவில்லை, அளக்கும் எல்லைதான் மாறியது.

பிரிட்டனில் நடந்தது இதைவிடச் சுவையானது. வரிக்காக வகுத்த குதிரைத்திறன் வாய்ப்பாடு உருளையின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டுமே பார்த்தது. விளைவு, விட்டம் குறுகிய, உந்துதண்டு நீளமாக ஓடும் எஞ்சின்களை அந்நாட்டுத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தன. அளக்க வந்த எண் அளக்கப்படும் பொருளையே வளைத்துவிட்டது. மின்கார்களுக்கு இன்று எழுதப்படும் விதிகளைப் படிக்கும்போது இந்த நிகழ்வை மறக்காமல் இருப்பது நல்லது.

உச்சமா, நீடிப்பா?

மின்மோட்டாருக்குத் திறன் எவ்வளவு என்று கேட்டால் தொழிற்சாலை மின்பொறியாளர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, ‘எவ்வளவு நேரத்துக்கு?’ என்பதுதான். மோட்டார்களுக்கான சர்வதேசத் தரமே தொடர் ஓட்டம் எஸ்1, குறுகிய நேர ஓட்டம் எஸ்2, விட்டுவிட்டு ஓடுவது எஸ்3 என்று பணிமுறைகளைப் பிரித்துத்தான் திறனைக் குறிக்கச் சொல்கிறது. மின்ரயில் எஞ்சின்களுக்கும் தொடர் திறன், ஒரு மணி நேரத் திறன் என்று இரு எண்கள் நெடுங்காலமாக உண்டு. காரணம் வெப்பம். மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்தோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடுகிறது; செப்புச் சுருளில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. இருமடங்கு இழுத்தால் நான்கு மடங்கு சூடு. அதைச் சில நொடிகள் செம்பும் இரும்பும் உறிஞ்சிக்கொள்ளும்; பிறகு குளிர்விப்பு ஈடுகொடுக்க வேண்டும், இல்லையேல் சுருளின் காப்பு கெடும், நிலைக்காந்தம் வலுவிழக்கும், இன்வெர்ட்டரின் குறைக்கடத்திகள் வெந்துபோகும். அதற்கு முன்பே கட்டுப்பாட்டு மென்பொருள் திறனைக் குறைத்துவிடும்.

ஆகவே இரு தரப்புகள் உருவாயின. கார் நிறுவனங்களும் பெரும்பாலான வாகன இதழாளர்களும் உச்சத் திறனைப் பேசுகிறார்கள். முந்திச் செல்லும்போதும், பாலத்தில் ஏறும்போதும் ஓட்டுநருக்கு வேண்டியது சில நொடிகளின் திறன்தான் என்பது அவர்களின் வாதம். அது எளிதில் தள்ளக்கூடியதல்ல. விதிமுறை எழுதுபவர்கள் நீடித்த திறன் பக்கம் நிற்கிறார்கள். ஐ.நா.வின் 85ஆம் ஒழுங்குமுறை உச்ச நிகரத் திறனோடு ‘30 நிமிடத் திறன்’ என்ற ஒன்றையும் அளக்கச் சொல்கிறது. அரை மணி நேரம் சராசரியாகத் தாக்குப்பிடிக்கும் திறன் அது. இந்தியாவின் ஏஐஎஸ்-041 தரமும் அதே வழியில் செல்கிறது. ஜெர்மனியில் பதிவுச் சான்றிதழில் ஏறுவது நீடித்த திறன். ஃபோக்ஸ்வேகன் ஐடி.3 காரின் 150 கிலோவாட் அங்கே 70 ஆவதும், பிஎம்டபிள்யூ ஐ3 காரின் 125 கிலோவாட் 75 ஆவதும் இதனால்தான்.

அரை மணி நேர எண் அறிவியல்பூர்வமாகத் தூயது என்று எண்ணிவிடக் கூடாது. இந்தச் சோதனையில் மோட்டாரும் இன்வெர்ட்டரும் மேடையில் ஏற்றப்பட்டு, அழுத்தம் சரியாத நேர்மின்சார மூலத்திலிருந்து ஊட்டப்படுகின்றன. காரின் பேட்டரிக்கு அங்கே வேலையில்லை. 2020இல் இந்தியாவில் வந்த டாடா நெக்ஸான் மின்காரை எடுத்துக்கொள்ளலாம்: பேட்டரி 30.2 யூனிட், உச்சத் திறன் ஏறத்தாழ 95 கிலோவாட். அந்த உச்சத்தில் ஓடினால், வெப்பம் ஒரு பொருட்டே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பேட்டரி சுமார் 19 நிமிடத்தில் தீர்ந்துபோகும். அரை மணி நேரம் என்பதே அந்தக் காரின் வாழ்க்கையில் இல்லாத ஒரு சூழ்நிலை. ஆக, உச்ச எண் கார் சில நொடிகள் செய்வதைச் சொல்கிறது. 30 நிமிட எண் மோட்டாரின் குளிர்விப்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. மலைப்பாதையில் ஐந்து நிமிடம் விடாமல் ஏறும் குடும்பத்துக்கு வேண்டிய எண் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதை யாரும் அச்சிடுவதில்லை.

சட்டத்துக்குள் நுழைந்ததும் இந்த வேறுபாடு கூர்மையாகிறது. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் (எடை போன்ற வேறு நிபந்தனைகளோடு) மின் இருசக்கர வண்டி மோட்டார் வாகனமாகவே கருதப்படாது. பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். அரை மணி நேரச் சராசரி 250 வாட்டைத் தாண்டாத மோட்டார், ஒரு மேட்டில் சில நொடிகள் அதைப்போலப் பலமடங்கு தந்தாலும் திறன் வரம்பை மீறியதாகாது. ஆஸ்திரியா 2025 ஏப்ரல் முதல் மின்கார்களுக்கும் வரி விதிக்கிறது. கணக்கில் வருவது நீடித்த திறனும் எடையும். விளம்பரத்துக்கு உச்சம் உயர்வாக இருக்க வேண்டும், வரிக்கு நீடிப்பு தாழ்வாக இருக்க வேண்டும் என்ற இரட்டை ஆசை தயாரிப்பாளருக்கு இயல்பாக வரும். அறிவிக்கப்படும் 30 நிமிட எண்கள் சில, மோட்டாரின் உண்மையான எல்லையைவிட அடக்கமாகவே இருக்கலாம் என்ற ஐயம் இதனால் எழுகிறது. பிரிட்டிஷ் வரிக் குதிரைத்திறன் கற்றுத்தந்த பாடத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஐயத்தைப் புறந்தள்ள முடியாது.

கூட்டினால் வராத கூட்டல்

மோட்டார் இரண்டானபோது புதிய சிக்கல் வந்தது. டெஸ்லா 2014இல் அறிமுகப்படுத்திய மாடல் எஸ் பி85டி காருக்கு 691 குதிரைத்திறன் என்று சொல்லப்பட்டது. முன்மோட்டாரின் 221, பின்மோட்டாரின் 470, இரண்டின் கூட்டல் அது. மோட்டார்கள் தனித்தனியே அந்தத் திறனுக்கு உரியவைதான். ஆனால் இரண்டுக்கும் ஊட்டும் பேட்டரி ஒன்று; அது ஒரே நேரத்தில் அவ்வளவு தரவில்லை. 2015 செப்டம்பரில் அந்நிறுவனமே இதை விளக்கி எழுத நேர்ந்தது. நார்வேயில் உரிமையாளர்கள் நீதிமன்றம் வரை கொண்டுபோன விவகாரம் 2016இல் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் சொன்ன எண் பொய்யா என்றால், மோட்டார் தண்டில் நின்று பார்ப்பவருக்கு இல்லை. காரை வாங்கியவருக்கு ஆம்.

இந்த மாதிரி வழக்குகளுக்கு ஐ.நா. தந்த விடை 2020இல் நிறுவிய 21ஆம் உலகத் தொழில்நுட்ப ஒழுங்குமுறை. கார் முழுவதையும் ஓர் அமைப்பாகக் கொண்டு அதன் திறனைத் தீர்மானிக்க அது இரு வழிகளைத் தருகிறது: பேட்டரியிலிருந்து வெளியேறுவதை அளந்து மாற்றிழப்பைக் கழிப்பது, அல்லது அச்சில், சக்கரத்தில் கிடைப்பதை அளந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. இரண்டும் ஒரே விடைக்கு நெருங்கி வர வேண்டும் என்பது எண்ணம். கூட்டல் பிழையை இது தீர்க்கிறது. நேரத்தைப் பற்றிய வழக்கைத் தீர்ப்பதாகச் சொல்ல முடியவில்லை, ஏனெனில் இங்கே அளவு நொடிக் கணக்கில்தான். பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போது, அல்லது குளிரில் உறைந்திருக்கும்போது என்ன கிடைக்கும் என்பதும் இந்த எண்ணுக்கு வெளியேதான் நிற்கிறது.

திறன் கூடினால் செலவும் கூடுமா?

பெட்ரோல் காரில் வளர்ந்த பொது அறிவு, ‘பெரிய எஞ்சின் அதிகம் குடிக்கும்’ என்கிறது. அது அங்கே உண்மை: பெரிய எஞ்சினைக் குறைந்த சுமையில் ஓட்டினால் அதன் செயல்திறன் சரிந்துவிடும். மின்மோட்டாரில் இந்தச் சரிவு மிகவும் மிதமானது. எண்களை வைத்துப் பார்க்கலாம். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்பது 100 கிலோமீட்டருக்கு 54 மெகாஜூல். ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது விசை. இங்கே அது 540 நியூட்டன், ஏறத்தாழ 55 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. நுகர்வு எண் என்பது சாலை காரைப் பின்னிழுக்கும் சராசரி விசையின் மறுபெயர், இழப்புகளையும் சேர்த்து. அந்த விசையை எதிர்த்து மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடத் தேவைப்படும் திறன் 15 கிலோவாட். 100 கிலோவாட் காராக இருந்தாலும் 300 கிலோவாட் காராக இருந்தாலும் சீராக ஓடும்போது கேட்பது அவ்வளவே. அதிகத் திறனுள்ள கார் கூடுதலாகத் தின்பது உண்டு. அதற்குக் காரணம் அகலமான டயர், கூடுதல் எடை, சும்மா சுழலும் இரண்டாவது மோட்டார், ஓட்டுநரின் கால் ஆகியவை. கிலோவாட் எண்ணைப் பார்த்துச் செலவை ஊகிக்கும் பழக்கத்துக்கு மின்கார் உலகில் ஆதாரம் குறைவு.

சோதனைச் சாலைகளும் அவற்றின் எண்களும்

நுகர்வையும் ஒரே சார்ஜில் ஓடும் தூரத்தையும் சொல்லும் எண்கள் சாலையில் பிறப்பதில்லை. உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடும் கார், வகுத்துவைத்த வேக அட்டவணையைப் பின்பற்றும்போது பிறக்கின்றன. ஐரோப்பாவின் பழைய அட்டவணை 11 கிலோமீட்டர் நீளம், சராசரி வேகம் சுமார் 34. 2017 முதல் அதன் இடத்துக்கு வந்த டபிள்யூஎல்டிபி 23 கிலோமீட்டர், சராசரி 46, உச்ச வேகம் 131. இந்தியாவின் எம்ஐடிசி பழைய ஐரோப்பிய அட்டவணையின் வழிவந்தது. அதில் உச்ச வேகம் 90 கிலோமீட்டரில் நிறுத்தப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நகர, நெடுஞ்சாலை அட்டவணைகளில் கிடைத்த தூரத்தை வழக்கமாக 0.7ஆல் பெருக்கிக் குறைக்கிறது. விரும்பும் நிறுவனம் ஏசி ஓடும் வெயில் சோதனையும் குளிர்ச் சோதனையும் அடங்கிய ஐந்து சோதனைகளைச் செய்து தனக்கான காரணியைப் பெறலாம்.

இவற்றின் விளைவைக் காட்ட ஹூண்டாய் கோனா மின்காரைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். 2019இல் சென்னையை ஒட்டிய ஆலையில் இணைக்கப்பட்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் பேட்டரி 39.2 யூனிட், சான்றளித்த தூரம் 452 கிலோமீட்டர். அதே அளவு பேட்டரி கொண்ட கோனாவுக்கு ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி தந்தது 289. வேறுபாடு பெரும்பாலும் அட்டவணையினுடையது. இயற்பியல் இதை எளிதாக விளக்குகிறது. 1,600 கிலோ எடையும் 0.65 சதுர மீட்டர் காற்றுத்தடைப் பரப்பும் உள்ள ஒரு காருக்கு உருளல் தடை ஏறத்தாழ 157 நியூட்டன். காற்றுத்தடை 90 கிலோமீட்டர் வேகத்தில் 244, 120இல் 433. சக்கரத்தில் கணக்கிட்டால் 100 கிலோமீட்டருக்கு முதலாவது வேகத்தில் 11 யூனிட், இரண்டாவதில் 16 யூனிட்டுக்கு மேல். 90ஐத் தாண்டாத அட்டவணை ஒன்று, விரைவுச்சாலைக்காரருக்கு உதவாத எண்ணைத் தருவதில் வியப்பில்லை.

இந்த எண்களை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இது: அட்டவணை யதார்த்தமாக இருக்க வேண்டியதில்லை, எல்லாக் கார்களுக்கும் ஒன்றாக இருந்தால் போதும். எண் தவறாக இருந்தாலும் வரிசை சரியாக இருக்கும், வாங்குபவர் தம் அனுபவத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்வார். பெட்ரோல் கார்களில் இந்த வாதம் ஓரளவு தாக்குப்பிடித்தது. மின்காரில் அது சறுக்குகிறது, ஏனெனில் வரிசையே வேகத்தோடு மாறுகிறது. 1,200 கிலோ எடையும் 0.75 தடைப்பரப்பும் உள்ள உயரமான சிறு காரையும், 1,900 கிலோ எடையும் 0.55 தடைப்பரப்பும் உள்ள தாழ்வான பெரிய காரையும் ஒப்பிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் முன்னதன் மொத்தத் தடை 243 நியூட்டன், பின்னதற்கு 278. சிறு கார் சிக்கனம். 120இல் முன்னதற்கு 618, பின்னதற்கு 553. பெரிய கார் சிக்கனம். எந்த ஒற்றை எண்ணாலும் இந்த இரண்டையும் சொல்ல முடியாது.

ஏசி இன்னொரு திருப்பம். வாகனத்தை நகர்த்துவது தூரத்தைச் சார்ந்தது. ஏசி நேரத்தைச் சார்ந்தது. சராசரி 1.5 கிலோவாட் இழுக்கும் ஏசி, மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊரும் நகர நெரிசலில் 100 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஓடி 7.5 யூனிட் தின்னும். அதே ஏசி 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 யூனிட்டோடு நின்றுவிடும். ‘மின்கார் நகரத்தில்தான் சிக்கனம்’ என்ற பரவலான நம்பிக்கை குளிர்நாட்டு இளவேனிலுக்குப் பொருந்தலாம். சென்னையின் மே மாதத்துக்கு அப்படியே பொருந்தாது. டபிள்யூஎல்டிபியின் அடிப்படை அளவீடு 23 பாகை வெப்பத்தில், ஏசி அணைத்து எடுக்கப்படுகிறது. எம்ஐடிசி எண்ணுக்குள்ளும் ஏசி இல்லை.

சான்றளித்த எண்ணுக்கும் சாலைக்கும் இருக்கும் தூரம் நீதிமன்றப் படியேறியதும் உண்டு. 312 கிலோமீட்டர் சான்று பெற்றிருந்த நெக்ஸானின் தூரம் பற்றி எழுந்த புகாரையடுத்து டெல்லி அரசு 2021 மார்ச்சில் அதற்கான மானியத்தை நிறுத்திவைத்தது. டெல்லி உயர்நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. அரசு அமைப்பு வகுத்த முறையில் அளந்து சான்று பெற்ற எண்ணுக்குத் தயாரிப்பாளரைத் தண்டிக்கலாமா என்பதே அங்கிருந்த சிக்கல். தென்கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் 2023 ஜனவரியில் வேறு வழியில் போனது: குளிரில் தூரம் குறைவதைச் சொல்லாமல் விட்டதற்காக டெஸ்லாவுக்கு 285 கோடி வொன் அபராதம். தவறு எண்ணில் இல்லை, எண்ணோடு சூழலைச் சொல்லாததில் இருக்கிறது என்ற பார்வை அது. இந்தக் கட்டுரையின் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

தயாரிப்பாளர்களே இணையான எண்களை வெளியிடத் தொடங்கியிருப்பது ஒரு நல்ல அறிகுறி, அதற்குரிய சந்தேகத்தோடு. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் ஏத்தர் தன் 450எக்ஸ் ஸ்கூட்டருக்கு 2022இல் சான்றளித்த 146 கிலோமீட்டரோடு, சாலையில் எதிர்பார்க்கத்தக்கது 105 என்றும் சொன்னது. டாடா கர்வ் மின்காரின் 55 யூனிட் வகைக்கு மூன்று எண்கள் உண்டு: எம்ஐடிசியின் நகரக் கூறுக்கு 585, நகரமும் புறநகரும் சேர்ந்து 502, வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கும் என்று நிறுவனம் மதிப்பிடுவது 400 முதல் 425. மூன்றாவது எண்ணே வாங்குபவருக்கு அதிகம் பயன்படும். ஆனால் அதை அளப்பவரும் வெளியிடுபவரும் விற்பவரே. இதற்கு மாற்றாக நார்வேயின் வாகன ஓட்டிகள் சங்கம் 2020 முதல் பல கார்களை ஒரே நாளில், ஒரே பாதையில், பேட்டரி தீர்ந்து நிற்கும்வரை ஓட்டிப் பார்க்கிறது. சூழல் எல்லாக் கார்களுக்கும் பொது என்பது அதன் பலம். அந்த நாளின் பனியை இன்னொரு முறை வரவழைக்க முடியாது என்பது பலவீனம்.

டாஷ்போர்டும் மீட்டரும்

அளக்கும் இடம் பற்றிய வழக்கு நுகர்விலும் திரும்பி வருகிறது. அமெரிக்கச் சான்றின்படி 64 யூனிட் பேட்டரி கொண்ட கோனாவின் தூரம் 258 மைல், நுகர்வு 100 மைலுக்கு 28 யூனிட். இரண்டையும் பெருக்கினால் 72 யூனிட் வருகிறது, பேட்டரியில் இருப்பதைவிட 8 யூனிட் அதிகம். கணக்கில் பிழையில்லை. தூரம் பேட்டரியிலிருந்து அளக்கப்பட்டது, நுகர்வு சுவரிலிருந்து. நடுவில் காருக்குள்ளிருக்கும் சார்ஜரும், பேட்டரியின் உள்தடையும், சார்ஜ் ஏறும்போது விழித்திருக்கும் கணினிகளும், குளிர்விப்பு பம்பும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. ஐரோப்பிய, இந்தியச் சான்றுகளிலும் யூனிட் கணக்கு சுவரிலிருந்துதான்.

டாஷ்போர்டு பார்ப்பது பேட்டரியிலிருந்து வெளியேறுவதை மட்டும். ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி 2020இல் சில கார்களைச் சோதித்தபோது திரை காட்டியதற்கும் சுவரிலிருந்து எடுத்ததற்கும் இடையே காருக்குக் காராக ஏறத்தாழ 10 முதல் 25 சதவீதம் வரை வேறுபாடு இருந்தது. மெதுவாகச் சார்ஜ் செய்தால் இழப்பு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண வீட்டுப் பிளக்கில் பெரும்பாலும் எதிர்மாறாகவே நடக்கிறது. கார் விழித்திருக்க எடுக்கும் சில நூறு வாட் நீண்ட நேரத்துக்குப் பரவி, மொத்தத்தில் பெரிய பங்காகிவிடுகிறது. நிறுத்திவைத்த காரில் ஏசியைத் தொலைவிலிருந்து போட்டு வைத்தால் செலவாகும் மின்சாரத்தைச் சில கார்கள் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

திரையில் தெரியும் மீதி தூரம் இன்னும் நழுவலானது. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதே நேரடி அளவீடு அல்ல. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்து, மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுச் செய்யும் மதிப்பீடு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்களில் மின்னழுத்தம் பெரும்பகுதி மட்டமாகவே இருப்பதால் அந்த ஒப்பீடு பலவீனப்படுகிறது. அவ்வப்போது முழுமையாகச் சார்ஜ் ஏற்றச் சொல்வதற்கு இது ஒரு காரணம். அந்த மதிப்பீட்டை, அண்மைய ஓட்டத்தின் சராசரி நுகர்வு என்ற இன்னொரு மதிப்பீட்டால் வகுத்து வருவதுதான் மீதி தூரம். மலையிறங்கி வந்த காருக்கு அது தாராளம் காட்டும். நெரிசலில் ஏசியோடு நின்ற காருக்குக் கஞ்சத்தனம் காட்டும்.

எந்த அலகில் சொல்வது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ‘மைலேஜ் எவ்வளவு?’ என்று கேட்டுப் பழகிய நாட்டில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது இயல்பாக வரும். 2008இல் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் காட்டியதுபோல், இந்த வகை அலகு சேமிப்பைத் தவறாக எடைபோட வைக்கிறது. யூனிட்டுக்கு 5 கிலோமீட்டரிலிருந்து 6க்குப் போனால் 100 கிலோமீட்டருக்கு 3.3 யூனிட் மிச்சம். 8இலிருந்து 9க்குப் போனால் 1.4 மட்டும். மின்சாரத்தைப் பெட்ரோலுக்குச் சமமாக்கிப் பார்க்கும் அமெரிக்க முறையும், ஒரு காலன் பெட்ரோலுக்கு 33.7 யூனிட் என்று வைத்து, பழகியவர்களுக்கு ஆறுதல் தருவதைத் தவிர அதிகம் விளக்குவதில்லை.

தீராதவை

திறன் பக்கத்தில் தொழில்நுட்பச் சிக்கல் பெரும்பாலும் தெளிந்துவிட்டது என்று சொல்லலாம். மிச்சமிருப்பது எந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்ற தேர்வு. 30 நிமிடத் திறனை வரிக்கும் உரிமத்துக்கும் அடிப்படையாக்குவதற்கு வலுவான பொறியியல் காரணம் இருக்கிறது, ஆனால் விபத்து அபாயத்தோடு தொடர்புடையது சில நொடிகளின் உச்சம்தான் என்ற எதிர்வாதத்துக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை. 250 வாட் வண்டிகளின் விஷயத்தில் இந்தக் கேள்வி வெறும் தத்துவமாக நிற்பதில்லை, ஏனெனில் அவற்றை உரிமமில்லாத சிறார்களும் ஓட்டுகிறார்கள்.

நுகர்வு பக்கத்தில் நிலைமை கலங்கலாகவே இருக்கிறது. பெட்ரோல் பங்கின் குழாய்க்கு எடையளவுத் துறையின் முத்திரை உண்டு. வீட்டு மின்மீட்டருக்கும் முத்திரை உண்டு. டாஷ்போர்டின் யூனிட் கணக்குக்கு அப்படி ஒன்று இல்லை, ஆனால் உரிமையாளர்களின் ஒப்பீடுகளும் புகார்களும் பெரும்பாலும் அதையே சார்ந்திருக்கின்றன. ஐரோப்பாவில் எஞ்சின் கார்கள் தாங்கள் எரித்ததைத் தாங்களே பதிவுசெய்யும் கருவியை 2021 முதல் சுமக்கின்றன, 5 சதவீதத் துல்லிய எல்லையோடு. 2024இல் நிறைவேறிய யூரோ 7 ஒழுங்குமுறை இந்தப் பதிவை மின்கார்களுக்கும் விரிக்கிறது. பேட்டரி எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குப் பின் குறைந்தது 72 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இத்தகைய பதிவுகள் திரண்டால், ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, இந்த ஊரில், இந்த வெயிலில், இந்த வேகத்தில் பெரும்பாலோர் இதற்கும் இதற்கும் இடையில் பெறுகிறார்கள் என்று பரவலையே அச்சிட முடியும். அந்தத் தரவு தயாரிப்பாளர் கையில் இருக்குமா, அரசு கையில் இருக்குமா, பெயர் நீக்கி எல்லோருக்கும் திறந்துவைக்கப்படுமா என்பதும், காரின் ஒவ்வொரு பயணமும் எங்கோ பதிவாவதை ஓட்டுபவர்கள் ஏற்பார்களா என்பதும் இப்போதைக்கு முடிவாகாத விஷயங்கள்.